நீதிபதி எப்போது விலக வேண்டும்? கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லியின் கதை

1975-இல் நியூயார்க்கில் ஒரு வழக்கு. வால் ஸ்ட்ரீட்டின் பெரிய சட்ட நிறுவனங்களில் ஒன்றான சல்லிவன் அண்ட் கிராம்வெல், பெண் வக்கீல்களை வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு காட்டுகிறது என்று ஒரு பெண் தொடுத்த வழக்கு அது. எந்த வழக்கு எந்த நீதிபதிக்குப் போகும் என்பதை அந்த நீதிமன்றத்தில் குலுக்கல் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். இந்த வழக்குக்குச் சீட்டு விழுந்தது கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லி என்பவருக்கு. கறுப்பினப் பெண்மணி. நிறுவனத்தின் தரப்பில் ஒரு மனுப் போட்டார்கள். இவர் ஒரு பெண், அதோடு நீதிபதியாவதற்கு முன்பு பாகுபாட்டை எதிர்த்து வாதாடியே பெயர் வாங்கியவர். பாதிக்கப்பட்டேன் என்று வருபவர் பக்கம் இவர் மனம் சாயும், ஆகவே வழக்கிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும் என்பது மனுவின் சாரம்.

நீதிபதி விலகுவது என்றால் என்ன? சட்டம் படிக்காதவர்களுக்கும் பாதி விடை தெரியும். சொந்தக்காரர் வழக்கைத் தானே விசாரிக்கக் கூடாது. தான் பங்கு வைத்திருக்கும் கம்பெனியின் வழக்கைத் தொடக் கூடாது. வக்கீலாக இருந்தபோது நடத்திய வழக்கே நீதிபதியான பிறகு தன் மேசைக்கு வந்தால், அதை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். அமெரிக்காவின் ஃபெடரல் சட்டத்தில், அதாவது மத்திய அரசின் சட்டத்தில், இதற்கென்றே பிரிவுகள் இருக்கின்றன. நீதிபதி தாமாகவும் விலகலாம், ஒரு தரப்பு மனுப் போட்டும் கேட்கலாம். இந்த இரண்டாவது வகையில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த மனுவை முதலில் விசாரிப்பவர் பெரும்பாலும் அதே நீதிபதிதான். ‘உங்கள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை’ என்று அவரிடமே போய்ச் சொல்லி, அவர் தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டும்.

இதுவரைக்கும் குழப்பம் இல்லை. பணத் தொடர்பும் இரத்த உறவும் கண்ணுக்குத் தெரிபவை. ஆனால் ஒருவர் எந்த இனத்தில் பிறந்தார், ஆணா பெண்ணா, இத்தனை காலம் என்ன வேலை பார்த்தார் என்பதும் சார்பில் சேருமா? மாட்லியிடம் வந்த கேள்வி இது. அவர் எழுதிய பதில் இன்றும் அமெரிக்க நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டப்படுகிறது. பதிலைச் சொல்லுமுன் ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அவர் வந்த வழி தெரிந்தால்தான் அந்தப் பதிலின் அழுத்தம் புரியும்.

சமையல்காரர் மகள்

மாட்லி 1921 செப்டம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் ஒன்பதாவது. பெற்றோர் கரீபியக் கடலிலுள்ள நேவிஸ் என்ற சின்னத் தீவிலிருந்து வந்தவர்கள். அப்பா சமையல்காரர். யேல் பல்கலைக்கழக மாணவர் சங்கங்களுக்குச் சமைத்துப் போட்டுத்தான் அவ்வளவு பெரிய குடும்பத்தை ஓட்டினார்.

நியூ ஹேவன் அமெரிக்காவின் வடக்கில் இருக்கிறது. தெற்கு மாநிலங்களைப் போல அங்கே இனப் பிரிவினை சட்டமாக எழுதப்படவில்லை. இருந்தாலும் பதினைந்து வயதில் நண்பர்களோடு கடற்கரைக்குப் போனபோது, தோல் நிறத்தைக் காட்டி உள்ளே விடவில்லை. எழுதாத சட்டமும் சட்டம்தான் என்று அப்போதே அவருக்குப் புரிந்திருக்கும்.

பள்ளியில் நன்றாகப் படித்தார். 1939-இல் முடித்தார். கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் பணம் இல்லை. கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டிருந்தார். அப்புறம் நடந்தது சினிமாக் கதை போல இருக்கும். ஊரில் கறுப்பின மக்களுக்காக ஒரு சமுதாயக் கூடம் கட்டி வைத்திருந்தார்கள். ஆனால் அந்த மக்கள் அதிகம் வருவதில்லை. ஏன் வருவதில்லை என்று பேச ஒரு கூட்டம் நடந்தது. இருபது வயதுகூட ஆகாத இந்தப் பெண் எழுந்து, நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரர்கள், எங்கள் சொல்லுக்கு அங்கே இடம் இல்லை, பிறகு ஏன் வருவோம் என்று பட்டென்று சொல்லிவிட்டார். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த கிளாரன்ஸ் பிளேக்ஸ்லீ என்ற வெள்ளைக்காரக் கட்டுமானத் தொழிலதிபர் அந்தக் கூடத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் ஒருவர். கோபப்பட்டிருக்கலாம். அவரோ பெண்ணைக் கூப்பிட்டு, ஏன் கல்லூரிக்குப் போகவில்லை என்று விசாரித்தார். பணம் இல்லை என்றார். என்ன படிக்க ஆசை என்று கேட்டார். வக்கீலாக வேண்டும் என்றார். பெண் வக்கீல்களைப் பற்றித் தனக்கு அதிகம் தெரியாது, ஆனாலும் செலவு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார் பிளேக்ஸ்லீ. கடைசிவரை கட்டணமும் கட்டினார்.

முதலில் டென்னஸி மாநிலத்தின் நாஷ்வில்லிலுள்ள ஃபிஸ்க் பல்கலைக்கழகம். தெற்கே போகும் ரயிலில் வழியிலேயே கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய பழைய பெட்டிக்கு மாறி உட்காரச் சொன்னார்கள். வடக்கில் வளர்ந்தவருக்கு அது முதல் அனுபவம். பிறகு நியூயார்க் பல்கலைக்கழகத்துக்கு மாறி 1943-இல் பொருளாதாரப் பட்டம் பெற்றார். 1946-இல் கொலம்பியா சட்டப் பள்ளிப் படிப்பு முடிந்தது. படிப்பு முடியுமுன்பே, 1945 அக்டோபரில், ஓர் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்துவிட்டார். அது, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் சட்டப் பாதுகாப்பு நிதியம். தலைவர் தர்குட் மார்ஷல். பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானவர். அந்த அலுவலகத்தின் முதல் பெண் வக்கீல் மாட்லிதான்.

தீர்ப்பு வந்தால் போதுமா?

இங்கே இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்ற கோட்பாடு. 1896-இல் பிளெஸ்ஸி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனி ரயில் பெட்டி வைப்பது சட்ட விரோதம் ஆகாது, இரண்டும் சமமாக இருந்தால் சரி என்று சொல்லிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு தெற்கு மாநிலங்கள் பள்ளி, பூங்கா, குடிநீர்க் குழாய் வரை எல்லாவற்றையும் பிரித்தன. ‘தனித்தனி’ என்ற பாதியை ஒழுங்காக நிறைவேற்றினார்கள். ‘சமம்’ என்ற பாதியை மறந்துவிட்டார்கள். 1954 மே 17 அன்று பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பொதுப் பள்ளிகளில் இந்தப் பிரிவினை செல்லாது என்றது. அந்த வழக்கின் முதல் மனுவை 1950-இல் எழுதியவர் மாட்லி.

இரண்டாவது, அமெரிக்காவில் இரண்டு வகை நீதிமன்றங்கள் பக்கம் பக்கமாக இயங்குகின்றன. ஒவ்வொரு மாநிலத்துக்கும் சொந்த நீதிமன்றங்கள் உண்டு. அவற்றோடு நாடு முழுக்கப் பரவிய ஃபெடரல் நீதிமன்றங்களும் உண்டு. ஃபெடரலில் அடித்தளம் மாவட்ட நீதிமன்றம், அதற்கு மேலே மேல்முறையீட்டு நீதிமன்றம், உச்சியில் உச்ச நீதிமன்றம். அரசியல் சட்டம் தந்த உரிமையை ஒரு மாநிலமே மிதிக்கிறது என்றால், அந்த மாநில நீதிமன்றத்தில் போய் நியாயம் கேட்பது பல நேரம் வீண். ஃபெடரல் கதவைத்தான் தட்ட வேண்டும். ஆனால் மிசிசிப்பியில் உட்கார்ந்திருக்கும் ஃபெடரல் மாவட்ட நீதிபதியும் மிசிசிப்பிக்காரர்தான். சட்டம் வாஷிங்டனிலிருந்து வந்தாலும் அவர் பழக்கவழக்கம் உள்ளூர்தான்.

பிரவுன் தீர்ப்போடு கதை முடிந்துவிட்டது என்று பல புத்தகங்கள் எழுதிவிடுகின்றன. என் பார்வையில் கதை அங்கேதான் தொடங்குகிறது. 1955-இல் அதே உச்ச நீதிமன்றம், பிரிவினையை ‘தக்க விரைவோடு’ நீக்குங்கள் என்றது. தக்க விரைவு என்றால் எத்தனை நாள்? தெற்கு மாநிலங்கள் அதை எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் என்று படித்தன. ஆகவே ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு கல்லூரிக்கும், தனித்தனியாக வழக்குப் போட வேண்டியிருந்தது. அந்த வேலையில் பெரும்பங்கு மாட்லியின் தலையில் விழுந்தது.

மிசிசிப்பிக்கு 22 பயணம்

ஜேம்ஸ் மெரெடித் அமெரிக்க விமானப் படையில் ஒன்பது ஆண்டு பணியாற்றியவர். 1961 ஜனவரியில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர விண்ணப்பித்தார். அதுவரை அங்கே ஒரு கறுப்பின மாணவரைக்கூடத் தெரிந்து சேர்த்ததில்லை. பல்கலைக்கழகம் மறுத்தது. காரணங்கள் எல்லாம் காகிதத்தில் கண்ணியமாகவே இருந்தன. அவற்றில் ஒன்றை மட்டும் பார்க்கலாம். விண்ணப்பிப்பவர் தம் பகுதியைச் சேர்ந்த ஐந்து முன்னாள் மாணவர்களிடம் நற்சான்றுக் கடிதம் வாங்கி வர வேண்டும். இந்த விதியில் இனம் என்ற சொல்லே கிடையாது. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர்கள் அத்தனை பேரும் வெள்ளைக்காரர்கள். 1961-இன் மிசிசிப்பியில் ஒரு கறுப்பின இளைஞருக்கு நற்சான்று எழுதித் தர ஐந்து வெள்ளைக்காரர்கள் எங்கே கிடைப்பார்கள்? சொல்லில் நடுநிலை, செயலில் பூட்டு. இந்த மாதிரி விதியை உடைப்பது மாட்லிக்குக் கைவந்த கலை. அதே ஜனவரியில் ஜார்ஜியா பல்கலைக்கழக வழக்கை இதே வழியில்தான் வென்றிருந்தார். கறுப்பின மாணவர்களிடம் விடுதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டு வெள்ளை மாணவர்களுக்கு இடம் கொடுத்ததை, பல்கலைக்கழகத்தின் கோப்புகளிலிருந்தே எடுத்துக் காட்டினார்.

மிசிசிப்பி அப்படிச் சுலபமாக மடியவில்லை. மாவட்ட நீதிபதி சிட்னி மைஸ் வாய்தா மேல் வாய்தா கொடுத்தார். கடைசியில், இனத்தைக் காரணமாக வைத்து மெரெடித்தை மறுத்ததாகத் தெரியவில்லை என்று தீர்ப்பும் எழுதினார். ஜாக்சன் நகரத்து ஃபெடரல் நீதிமன்றத்தில் நீதிபதியின் நாற்காலிக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு ஓவியம். அதில் வெள்ளைக்காரக் குடும்பம் கம்பீரமாக நிற்கிறது, ஒரு பக்கம் கறுப்பின மக்கள் பருத்தி பறிக்கிறார்கள், ஒருவர் பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியம் வாசிக்கிறார். மாட்லி எழுந்து நின்று நீதிபதியைப் பார்த்தால் ஓவியமும் கண்ணில் படும். பின்னாளில் அதைத் திரை போட்டு மூடினார்கள். எதிர்த்தரப்பு வக்கீலோ அவரைத் ‘திருமதி மாட்லி’ என்று மரியாதையாகக் கூப்பிட வாய் வராமல் சுற்றிவளைத்துப் பேசினார். ‘அந்த மாட்லி பொம்பளை’ என்பது அந்த ஊர்களில் அவருக்குக் கிடைத்த பட்டம்.

தங்க ஓட்டல் கிடையாது. தெரிந்தவர்கள் வீட்டில்தான் தங்க வேண்டும். உள்ளூரில் அவருக்குத் துணையாக இருந்தவர் கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ். ஒரு விசாரணை முடிந்து காரில் திரும்பும்போது மாட்லி மடியில் குறிப்பேட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். அப்போது எவர்ஸ், திரும்பிப் பார்க்காதீர்கள், அந்தக் குறிப்பேட்டை நியூயார்க் டைம்ஸ் தாளுக்குள் சொருகிவிடுங்கள், பின்னால் போலீஸ் வண்டி தொடர்கிறது என்றாராம். மாட்லி பின்னாளில் சொன்ன விஷயம் இது. 1963 ஜூனில் எவர்ஸை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் 1962 ஜூனில் மைஸின் தீர்ப்பைத் தள்ளியது. மிசிசிப்பி பிரிவினையைக் கொள்கையாக வைத்திருக்கிறது என்பது ஊரறிந்த உண்மை, நீதிமன்றம் மட்டும் அதைத் தெரியாதது போல இருக்க முடியாது என்பதுதான் அந்த நீதிமன்றம் எடுத்த நிலை. ஜெயித்தாயிற்று என்று நினைத்தால், அதே நீதிமன்றத்தில் இந்த வழக்கையே கேட்டிராத இன்னொரு நீதிபதி இடைக்காலத் தடை போட்டார். அதை நீக்கினால் மறுபடி தடை. மொத்தம் நான்கு முறை. செப்டம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்ற நீதிபதி ஹியூகோ பிளாக் தலையிட்ட பிறகுதான் அது நின்றது. பிறகு ஆளுநரே வாசலில் வந்து மறித்தார். நீதிமன்ற அவமதிப்பு வழக்கு அவர் மேலேயும் பாய்ந்தது. செப்டம்பர் 30 இரவு பல்கலைக்கழக வளாகத்தில் கலவரம், இரண்டு பேர் பலி, ராணுவம் வந்தது. மறுநாள் அக்டோபர் 1-ஆம் தேதி மெரெடித் சேர்ந்தார். இந்த ஒரு மாணவனின் சேர்க்கைக்காக மாட்லி மிசிசிப்பிக்குப் போய் வந்தது 22 முறை.

அடுத்த ஆண்டு அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம். 1963 மே மாதம் பிரிவினையை எதிர்த்துப் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். அவர்கள் மேல் நாயை ஏவி, தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சிய படங்கள் உலகெங்கும் போயின. அதற்குப் பிறகு நடந்தது பலருக்குத் தெரியாது. ஊர்வலம் போன ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைக் கல்வி வாரியம் பள்ளியிலிருந்து நீக்கிவிட்டது. கல்வியாண்டு முடிய இருந்த நேரம். ஒரு வருடமே போயிருக்கும். மாட்லி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனார். மே 22 அன்று அங்கே நீதிபதி மறுத்தார். அன்றே அட்லாண்டாவில் மேல்முறையீட்டு நீதிமன்றத் தலைமை நீதிபதி எல்பர்ட் டட்டில் முன்னால் வழக்கைக் கொண்டுபோனார். அன்றே பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கும்படி உத்தரவு வந்தது. ஆயிரம் வீடுகளில் அன்று இரவு என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய முதல் கறுப்பினப் பெண் வக்கீலும் மாட்லிதான். 1961-இல் ஹாமில்டன் எதிர் அலபாமா வழக்கு அது. மரண தண்டனை வரக்கூடிய குற்றச்சாட்டில், ஆளை முதன்முதலாக நீதிமன்றத்தில் நிறுத்தும்போதே அவருக்கு வக்கீல் இருக்க வேண்டும் என்பது வாதம். வென்றார். அங்கே மொத்தம் பத்து வழக்குகள் வாதாடி ஒன்பதில் வென்றார். தோற்ற ஒன்றுக்குக் கடைசியில் வருகிறேன்.

ஏழு மாதக் காத்திருப்பு

அரசியலில் அவர் இருந்தது கொஞ்ச காலம். 1964-இல் நியூயார்க் மாநில செனட்டுக்குத் தேர்வானார், அங்கே போன முதல் கறுப்பினப் பெண். 1965-இல் நியூயார்க் நகரத்தின் ஒரு பிரிவான மன்ஹாட்டன் பரோவின் தலைவர், அந்தப் பதவியில் முதல் பெண்.

1966 ஜனவரியில் அதிபர் லிண்டன் ஜான்சன் அவரை நியூயார்க்கின் தெற்கு மாவட்ட ஃபெடரல் நீதிமன்றத்துக்கு நீதிபதியாக முன்மொழிந்தார். ஃபெடரல் நீதிபதி ஆவது எப்படி என்றால், அதிபர் பெயரைச் சொல்ல வேண்டும், செனட் ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் வந்துவிட்டால் ஆயுள் முழுக்கப் பதவி. தேர்தல் கிடையாது, ஓய்வு வயது கிடையாது, சம்பளத்தைக் குறைக்க முடியாது. தீர்ப்புப் பிடிக்கவில்லை என்பதற்காக யாரும் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். அதனாலேயே செனட் வாசலில் நெரிசல் அதிகம்.

செனட்டின் நீதித்துறைக் குழுத் தலைவர் அப்போது யார் தெரியுமா? மிசிசிப்பியின் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட். பிரிவினையை வெளிப்படையாக ஆதரித்தவர். தன் மாநிலத்துப் பல்கலைக்கழகத்தைத் திறக்க வைத்த ‘அந்த மாட்லி பொம்பளை’யின் கோப்பு இப்போது அவர் மேசையில். கம்யூனிஸ்ட் தொடர்பு உள்ளவர் என்று குற்றம் சுமத்தி ஏழு மாதம் இழுத்தடித்தார். ஆகஸ்ட் 30 அன்று ஒப்புதல் வந்தது. அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் ஃபெடரல் நீதிபதி ஆனார் மாட்லி. தெற்கு மாவட்டத்துக்கு அவர்தான் முதல் பெண் நீதிபதியும். (ஜாக்சனில் அந்த ஓவியம் இருந்த கட்டடத்துக்குப் பின்னாளில் ஈஸ்ட்லண்ட் பெயரையே வைத்தார்கள் என்பது வேறு கதை.)

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதி மாட்லி அல்ல. அவர் ஜேன் போலின். 1939-இல் நியூயார்க் நகரத்தின் குடும்ப வழக்குகளுக்கான நீதிமன்றத்தில் பதவியேற்றவர். போலின் நகர நீதிமன்றத்தில், மாட்லி ஃபெடரல் நீதிமன்றத்தில். இணையத்தில் இரண்டையும் கலந்து எழுதுகிறார்கள்.

அந்தப் பதில்

சரி, 1975-க்குத் திரும்புவோம். விலகச் சொன்ன மனுவுக்கு மாட்லியின் பதில் சுருக்கமானது. இனமோ பாலினமோ முன்பு பார்த்த வேலையோ ஒரு நீதிபதியை விலக்கப் போதுமான காரணம் என்றால், இந்த நீதிமன்றத்தில் எந்த நீதிபதியாலும் இந்த வழக்கைக் கேட்க முடியாது. ஏனென்றால் இங்கே இருக்கும் எல்லோருமே ஏதோ ஓர் இனத்தில், ஆணாகவோ பெண்ணாகவோ பிறந்தவர்கள்தானே. பலர் பெரிய சட்ட நிறுவனங்களிலிருந்தும் அரசுப் பணியிலிருந்தும் வந்தவர்கள்.

இதை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வழக்கில் ஒரு பக்கம் பெண் வக்கீல்கள், மறுபக்கம் ஆண்கள் நடத்தும் ஒரு சட்ட நிறுவனம். பெண் நீதிபதி பெண்கள் பக்கம் சாய்வார் என்றால், ஆண் நீதிபதி எந்தப் பக்கம் சாய்வார்? அதே மாதிரி நிறுவனத்தில் இருபது ஆண்டு வேலை பார்த்துவிட்டு நீதிபதியானவர்? அவரிடம் போய் விலகுங்கள் என்று யாரும் மனுப் போட்டதில்லை. அவர் வாழ்க்கை அனுபவம் கண்ணுக்கே தெரியவில்லை, அது இயல்பு. மாட்லியின் அனுபவம் மட்டும் சார்பு. ஐந்து நற்சான்றுக் கடிதம் கேட்ட விதி ஞாபகம் இருக்கிறதா? மேலுக்கு நடுநிலை போலத் தெரிவது யாருக்குச் சாதகமாக நிற்கிறது என்று கேட்கும் பழக்கம் அவருக்கு அங்கிருந்து வந்தது.

சட்டத்தின் பக்கமும் தெளிவு. விலகக் கேட்பவர், குறிப்பிட்ட ஒரு தரப்பின் மேல் நீதிபதிக்குத் தனிப்பட்ட பகையோ பற்றோ இருப்பதைக் காட்ட வேண்டும். அந்த மாதிரி வழக்குகளை முன்பு நடத்தினார் என்பது பின்னணி. இந்த வழக்கின் கட்சிக்காரரோடு அவருக்கு உறவு இருந்தது என்றால் அது வேறு. இதற்குக் கொஞ்சம் முன்னால் பிலடெல்பியாவில் லியான் ஹிக்கின்பாதம் என்ற கறுப்பின நீதிபதியிடமும் இதே போல ஒரு மனு வந்து, அவரும் மறுத்திருந்தார். மாட்லி வழக்கைக் கையில் வைத்துக்கொண்டார். 1977-இல் நிறுவனம் சமரசத்துக்கு வந்து, பெண்களை வேலைக்கு எடுக்கும் முறையை மாற்ற ஒப்புக்கொண்டது.

அப்படியென்றால் பாகுபாடு என்று வந்த எல்லோருக்கும் அவர் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னாரா? இல்லை. ஆதாரம் போதாத வழக்குகளைத் தள்ளியிருக்கிறார். பழைய தோழர்களில் சிலர் இன்னும் துணிந்திருக்கலாமே என்று நினைத்ததுண்டு. ஆயுள் பதவி கிடைத்த பிறகு அவர் பழைய வக்கீலாக அல்லாமல் நீதிபதியாகத்தான் நடந்துகொண்டார். எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை.

அவருடைய தீர்ப்புகளில் எனக்குப் பிடித்தது பேஸ்பால் உடை மாற்றும் அறை வழக்கு. 1977-இல் ‘உலகத் தொடர்’ என்ற பேஸ்பால் இறுதிப் போட்டிகள் நடக்கும்போது ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையின் நிருபர் மெலிசா லட்கியை, ஆட்டம் முடிந்ததும் வீரர்களின் அறைக்குள் விடவில்லை. காரணம், அவர் பெண். ஆட்டம் முடிந்த சூட்டில் வீரர்கள் பேசுவது அந்த அறையில்தான். ஆண் நிருபர்கள் உள்ளே போய்ப் பேட்டி எடுக்கிறார்கள், இவர் வெளியே வராந்தாவில் நிற்கிறார். வழக்குப் போட்டார்கள், குலுக்கலில் மாட்லிக்கு வந்தது.

முதல் கேள்வி, தனியார் விளையாட்டு அமைப்புக்கு அரசியல் சட்டம் பொருந்துமா? சமத்துவ உரிமை அரசை நோக்கித்தான் பேசுகிறது. மாட்லி கண்ட வழி இது: ஆட்டம் நடந்த யாங்கி ஸ்டேடியம் நியூயார்க் நகரத்துக்குச் சொந்தம், யாங்கீஸ் அணி அதைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறது. நகரத்தின் இடத்தில் நடக்கும் பாகுபாட்டில் நகரத்துக்கும் பங்கு உண்டு. அடுத்தது, வீரர்களின் அந்தரங்கம். ஆடை மாற்றுகிறார்களே என்றது எதிர்த்தரப்பு. அந்த அறைக்குள் தொலைக்காட்சிக் கேமராவை விட்டிருக்கிறீர்கள், அந்தரங்கம் காக்க ஒரு திரையோ துண்டோ போதுமே, பெண்களை மட்டும் மொத்தமாக வெளியே தள்ளுவானேன் என்ற வகையில் போனது தீர்ப்பு. 1978 செப்டம்பரில் யாங்கி ஸ்டேடியத்தின் அந்தக் கதவு திறந்தது.

1970-இல் வந்த சோஸ்ட்ரே வழக்கும் முக்கியம். மார்ட்டின் சோஸ்ட்ரே என்ற கைதியை 372 நாள் தனிமைச் சிறையில் வைத்திருந்தார்கள். மாட்லி அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லி நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார். கணக்கும் எழுதினார். நாளுக்கு 25 டாலர் இழப்பீடு, அதற்கு மேல் நாளுக்கு 10 டாலர் தண்டத் தொகை, ஆக மொத்தம் 13,020 டாலர். மேல்முறையீட்டு நீதிமன்றம் அடுத்த ஆண்டு அதில் ஒரு பகுதியை ரத்து செய்துவிட்டது.

1982-இல் அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். 1986-இல் மூத்த நீதிபதி என்ற நிலைக்கு மாறினார். ஓய்வு போலத் தோன்றினாலும், வழக்குகளைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து விசாரிக்கலாம் என்பதுதான் அதன் பொருள். 2005 செப்டம்பர் 28 அன்று 84 வயதில் காலமாகும் வரை நீதிபதியாகவே இருந்தார். 2022-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதியான கெடான்ஜி பிரவுன் ஜாக்சன் பிறந்ததும் ஒரு செப்டம்பர் 14. தன் பெயர் முன்மொழியப்பட்ட நாளில் மாட்லியின் பிறந்தநாளும் தன் பிறந்தநாளும் ஒன்றே என்று மேடையிலேயே சொன்னார்.

இனி அந்தத் தோற்ற வழக்கு. ஸ்வெயின் எதிர் அலபாமா, 1965. அமெரிக்காவில் வழக்கைக் கேட்டு முடிவு சொல்லப் பொதுமக்களிலிருந்து ஒரு குழுவை அமைப்பார்கள், அதுதான் ஜூரி. இந்த முறையில் இரண்டு தரப்பு வக்கீல்களும் சிலரைக் காரணமே சொல்லாமல் ஜூரியிலிருந்து நீக்கலாம். அலபாமாவின் டல்லடேகா கவுண்டியில் (மாநிலத்துக்குள் ஒரு மாவட்டம் போன்றது) கறுப்பினத்தவர் ஒருவர் மேல் வழக்கு. ஜூரிக்கு வந்த கறுப்பினத்தவர்களில் மிஞ்சிய ஆறு பேரையும் அரசு வக்கீல் நீக்கிவிட்டார். அந்தக் கவுண்டியில் சுமார் 1950-இலிருந்து ஒரு கறுப்பினத்தவர்கூட ஜூரியில் உட்கார்ந்ததில்லை. இவர்களால் நடுநிலையாக இருக்க முடியாது என்று பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டுவதுதான் இதுவும். பத்து ஆண்டு கழித்து மாட்லியை விலகச் சொன்ன மனுவும் இதே குடும்பம்தான். ஒரு வழக்கில் நடந்ததை மட்டும் வைத்து அரசு வக்கீலின் உள்நோக்கத்தைக் கேள்வி கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் சொல்லிவிட்டது.

1986-இல், மாட்லி மூத்த நீதிபதியான அதே ஆண்டு, பேட்சன் எதிர் கென்டக்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நிலைப்பாட்டைக் கைவிட்டது. இனத்தைப் பார்த்து ஜூரியை நீக்குவதாகச் சந்தேகம் எழுந்தால், அந்த ஒரு வழக்கிலேயே அரசு வக்கீல் காரணம் சொல்லியாக வேண்டும். ஏழு நீதிபதிகள் ஆதரவு, இருவர் எதிர்ப்பு. ஆதரித்த ஏழு பேரில் ஒருவர், இது போதாது, காரணம் சொல்லாமல் நீக்கும் வழக்கத்தையே ஒழிக்க வேண்டும் என்று தனியாக எழுதினார். அவர், 1945-இல் மாட்லியைத் தன் அலுவலகத்தில் சேர்த்துக்கொண்ட தர்குட் மார்ஷல்.